முடி உதிரும் இளைஞருக்கு



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் கல்லாறு என்னும் சிற்றூர் வரும். ஆற்றின் பெயரே ஊரின் பெயர். உருண்டு வழவழத்த கற்களுக்கிடையே ஓடும் அந்த நீர், கீழே வாமனபுரம் ஆறாகப் பெருகிக் கடலை நோக்கிச் செல்கிறது. கல்லாற்றைக் கடந்ததும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. முடி என்ற சொல் நம் மொழியில் மலையுச்சியையும் குறிக்கும், மன்னனின் மகுடத்தையும் குறிக்கும், தலைமயிரையும் குறிக்கும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மூன்றாவது முடியைப் பற்றி. இருபது வயதிலும் இருபத்தைந்து வயதிலும் அதனை இழக்கத் தொடங்கி, மருந்து தேடி அலையும் இளைஞரைப் பற்றி.

அப்படியானால் கல்லாற்றிலிருந்து தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. கல்லாற்றைச் சூழ்ந்த காட்டில் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. அகத்திய மலைத் தொடரின் இப்புறத்தில் பாபநாசம் மலையிலும் பேச்சிப்பாறைக் காட்டிலும் வாழும் காணிக்காரரும் அவர்களுடைய உறவினரே. கல்லாற்றுக் காணிக் குடியிருப்பைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார் நாட்டு மருத்துவத்துக்காக 1995-ஆம் ஆண்டில் கேரள அரசின் நாட்டுவைத்திய ரத்தினம் என்னும் விருதையும், 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றவர். எட்டாம் வகுப்பு வரையில் படித்தவர். மருத்துவச்சியாக இருந்த தம் தாயிடம் மூலிகை அறிவைப் பெற்றவர். ஏறத்தாழ 500 மருந்துகளின் செய்முறையை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருந்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். பாம்பு முதலியவற்றின் கடிக்கு மருந்து கொடுப்பவர் என்பதே அவருக்கு முதலில் பெயர் தேடித் தந்தது. பாம்பு கடித்தவர் இன்று நேரே செல்லவேண்டிய இடம் நஞ்சுமுறி ஊசி உள்ள மருத்துவமனைதான். ஆயினும், மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் ஒரு காட்டுக் குடிக்கு அத்தகைய அறிவு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றிக் கேள்வியுறும் நகரத்து இளைஞரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. நஞ்சையே முறிக்கத் தெரிந்த காட்டுக்கு, என் தலைமுடியை நிறுத்தவா தெரியாது? இந்த எண்ணத்தை வாணிகர் நன்கு அறிவர். ஆகவேதான் காட்டின் பெயராலும் மலையின் பெயராலும் பழங்குடி மக்களின் பெயராலும் எத்தனையோ எண்ணெய்ப் புட்டிகள் சந்தைக்கு வருகின்றன. இடுப்பு வரையில் கூந்தல் தொங்கும் படம் ஒன்று புட்டியின்மீது இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாரிடம் சோதித்தார்கள் என்பன இரா.

இருபத்திரண்டு வயதுடைய ஓர் இளைஞரை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஒருநாள் காலை சீப்பில் வழக்கத்துக்கு மேல் முடி வருகிறது. சில திங்களில் நெற்றியின் இரு மூலைகளும் மேலேறுகின்றன. முதலில் தாய் சொன்ன எண்ணெய். அடுத்து முடி திருத்துபவர் சொன்ன எண்ணெய். அதற்கும் அடுத்து நண்பர் தபாலில் வரவழைத்த எண்ணெய். வெங்காயச் சாறு பூசுகிறார். மொட்டையடித்துக்கொண்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்கிறார். ஈராண்டு கழிகிறது. பேருந்தில் சன்னலோர இருக்கையை விலக்குகிறார்; காற்று வாரிய முடியைக் கலைத்துவிடும் என்ற அச்சம். புகைப்படம் எடுக்கும் இடத்தில் பின்வரிசைக்குப் போகிறார். பெண் பார்க்கும் பேச்சு வந்தால் நழுவுகிறார். இந்த ஈராண்டில் அவர் எத்தனையோ பேரிடம் என்ன மருந்து என்று கேட்டார். என்ன நோய் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நோய் இன்னது என்றும், அதன் காரணம் இன்னது என்றும் முதலில் ஆராயவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை, நோயாளிக்கும் பொருந்தும்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலிலிருந்து முளைக்கிறது. திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு வளர்ச்சி நின்று, மூன்று திங்கள் அளவு ஓய்ந்திருந்து, உதிர்ந்துவிடும். அதே காலிலிருந்து புது மயிர் எழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் வரையில் உதிர்வது நல்ல உடல்நலம் உடையவருக்கும் உண்டு. வெளியே தெரியும் மயிருக்கு உயிர் இல்லை. உயிர் தோலுக்குள் இருக்கும் காலில்தான். பழநியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்தியவருக்கு மீண்டும் முடி வளர்வது கால் பழுதின்றி இருப்பதனால். புதிதாக முளைப்பது அடர்த்தியாகத் தோன்றுவதோ, கூர்மழுங்கிய குட்டை மயிர் கைக்கும் கண்ணுக்கும் தடித்துத் தெரிவதனால். மழிப்பதால் மயிர்க்கால்களின் எண்ணிக்கை ஒன்றேனும் கூடுவதில்லை.

இளைஞருக்கு முடி உதிர்வதற்கு வேறுவேறு காரணங்கள் உண்டு. அவற்றுள் மூன்றை நாம் தெளிவாகப் பிரித்தறிந்தால் போதும்.

முதலாவது, உடல் பட்ட அதிர்ச்சியின் பின் வரும் உதிர்வு. டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடுங்காய்ச்சலோ, பெரிய அறுவைச் சிகிச்சையோ, உணவை மிகக் குறைத்து உடல் இளைத்ததோ இதற்குக் காரணமாகலாம். அதிர்ச்சியால் பெருந்தொகையான மயிர்கள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று திங்கள் கழித்து அவை அனைத்தும் சேர்ந்து உதிரும்போது கொத்துக் கொத்தாகக் கையில் வரும். காய்ச்சலை நோயாளி மறந்திருப்பார். ஆகவே காரணம் புலப்படாது. அஞ்ச வேண்டியதில்லை. கால்கள் கெடவில்லையாதலின் பெரும்பாலோருக்கு ஆறு திங்கள் அளவில் உதிர்வு அடங்கி, முடி தானே திரும்பிவிடும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு சுரப்பியின் கோளாறும் இதுபோன்ற உதிர்வைத் தரக்கூடும். அவற்றை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

இரண்டாவது, நாம் புழுவெட்டு என்று சொல்வது. நாணயம் அளவுக்கு வட்டமாக ஓரிடத்தில் முடி முழுதும் நீங்கி, தோல் வழவழவென்று தெரியும். பெயரில் புழு இருக்கிறதே தவிர, நோயில் புழு இல்லை. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறி மயிர்க்கால்களைத் தாக்குவதனால் இது உண்டாகிறது. ஆயுர்வேத நூல்கள் இந்திரலுப்தம் என்று சொல்வது இதனைத்தான் என்பர். சிறு திட்டாயின் பலருக்குத் தானே முளைத்துவிடும். பரவுமாயின் தோல் மருத்துவர் ஊசியாலும் பூச்சு மருந்தாலும் சிகிச்சை செய்வார். தலை முழுவதும் பரவிய கடுமையான நிலைக்கும் 2022-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன.

மூன்றாவதே மிகுதியாகக் காண்பது. ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை. நெற்றி மூலைகளும் உச்சியும் மெல்ல வெறிச்சிடும். பின்னந்தலையிலும் காதோரங்களிலும் உள்ள முடி நிலைத்திருக்கும். பருவமெய்திய பின் எந்த வயதிலும் தொடங்கலாம். தாய்மாமனைப் பார்த்தே தலையெழுத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மைதான். தாய்வழி வரும் மரபணு ஒன்றுக்கு இதில் பெரும் பங்கு இருந்தாலும், தந்தைவழி வருவனவும் பல உள்ளன.

இங்கே ஒரு நுட்பமான உண்மையைக் கவனிக்க வேண்டும். முதல் வகையில் முடி தானே திரும்புகிறது என்றேன். காய்ச்சல் கண்டு மூன்று திங்கள் கழித்து முடி உதிர்கிறது. அச்சங்கொண்ட இளைஞர் ஓர் எண்ணெய் வாங்குகிறார். நாள்தோறும் தேய்க்கிறார். ஆறு திங்களில் உதிர்வு நின்று முடி வளர்கிறது. அந்த எண்ணெய்தான் காத்தது என்று அவர் ஊரெங்கும் சொல்வார். பொய் சொல்கிறவர் அல்லர் அவர், கண்டதையே சொல்கிறார். ஆனால் அந்த எண்ணெயைத் தொடாமலிருந்தாலும் அதே நாளில் அதே முடி வளர்ந்திருக்கும். அவர் சொல்லை நம்பி, பரம்பரை வழுக்கை உடைய மற்றோர் இளைஞர் அதே எண்ணெயை வாங்கி ஈராண்டு தேய்க்கிறார். அவருக்குப் பயன் இல்லை. பொய்யான விளம்பரத்தைவிட இத்தகைய நேர்மையான சாட்சியமே பலரை ஏமாற்றிவிடுகிறது.

அப்படியானால் நம் வீட்டுத் தைலங்களுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. கரிசலாங்கண்ணி, நெல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை இட்டுக் காய்ச்சிய எண்ணெயும், மலையாள நாட்டின் நீலிபிருங்காதியும் நெடுங்காலப் பழக்கத்தில் நிலைத்தவை. எண்ணெய் தலைத்தோலின் வறட்சியைப் போக்குகிறது. மயிர் சிக்குண்டு முறிவதைக் குறைக்கிறது. தேங்காயெண்ணெய் மயிரினுள் ஊடுருவி, அதன் புரதச் சத்து கரைந்து போவதைக் குறைப்பதாக ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. இவையெல்லாம் இருக்கும் முடிக்கு நன்மை. சுருங்கிக்கொண்டே போகும் மயிர்க்காலைப் பழைய அளவுக்கு மீட்கும் ஆற்றல் எண்ணெய்க்கு உண்டு என்பதற்கு மட்டும் தக்க சான்று இல்லை. நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். மூன்று தோஷங்களும் கூடி உண்டான வழுக்கையைத் தீராதவற்றின் வரிசையில் அட்டாங்க ஹிருதயம் வைத்திருக்கிறது. தீராததைத் தீராது என்று எழுதி வைத்த அந்த நேர்மை, அந்த நூலின் பெயரைப் புட்டியில் அச்சிடுவோர் எல்லோரிடமும் இல்லை.

உலகெங்கும் இதே கதைதான். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் எழுதிய மருத்துவச் சுவடி ஒன்றில், சிங்கம், நீர்யானை, முதலை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூசும்படி சொல்லியிருக்கிறது. விடை கிடைத்தது கொழுப்பிலிருந்து அன்று, பொறுமையான நோட்டத்திலிருந்து. விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூலிலேயே குறிப்பு உண்டு. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் அதனை விளக்கினார். பருவமெய்துமுன் விதைகளை இழந்தவர்க்கு வழுக்கை வரவில்லை; அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு நீரைக் கொடுத்தபோது, பரம்பரையில் வழுக்கை உடையவர்க்கு மட்டும் முடி உதிரலாயிற்று. அந்தச் சுரப்பு நீரும் பரம்பரையும் சேர்ந்தே வழுக்கையைத் தருகின்றன என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அதன் பின் ஒரு சிற்றூர் நமக்குப் பாடம் கற்பித்தது. கரிபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்பது அந்த ஊர். அங்கே சில குடும்பங்களில் பிறந்த ஆண் மக்கள் சிலருக்கு உடலில் ஒரு நொதி குறைந்திருந்தது. ஆண்மைச் சுரப்பு நீரை வீரியம் மிக்க மற்றொரு பொருளாக மாற்றுவது அந்த நொதியின் வேலை. அதனைக் குறைவாகப் பெற்றவர்களுக்கு முதுமையிலும் நெற்றி மயிர் பின்வாங்கவில்லை. விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியும் பெருக்கவில்லை. ஜூலியான் இம்பெராட்டோ மக்கின்லி என்னும் மருத்துவ அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1974-ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு வெளியிட்டனர். அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை உருவாக்க முடியுமா என்ற கேள்வி அங்கிருந்து வலுப்பெற்றது. பினஸ்டெரைடு என்னும் மாத்திரை, 1992-ஆம் ஆண்டில் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ஆம் ஆண்டில் குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கல்லாற்றைச் சூழ்ந்த மலையிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் அறிஞர் குழு ஒன்று அகத்திய மலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மலை ஏறியும் களைக்கவில்லை. இடையிடையே அவர்கள் சிறு காய்களைத் தின்பதைக் குழுவினர் கவனித்தனர். பலமுறை கேட்ட பின்னரே அவர்கள் அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. கல்லாற்றுக்கு அணித்தான பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதனைச் சோதித்து, வேறு மூலிகைகளுடன் சேர்த்து ஜீவனி என்னும் மருந்தாக்கிற்று. 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதனைச் செய்யும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கு அளிக்கப்பட்டது. உரிமைத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997-ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையும் நிறுவினர்.

அந்த மருந்து களைப்புக்கானது, முடிக்கானது அன்று. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. சிற்றூர் மக்களிடம் காணும் ஓர் உண்மை மருந்தாவதற்கு வழி உண்டு. பார்க்கவேண்டும், கேட்கவேண்டும், எது வேலை செய்கிறது என்று பிரித்தறியவேண்டும், பலரிடம் சோதிக்கவேண்டும், தீங்கையும் நன்மையையும் எழுதி வைக்கவேண்டும், அறிவைக் கொடுத்தவருக்கு உரிய பங்கைக் கொடுக்கவேண்டும். காட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையும் செய்யாத புட்டி, இளைஞரை மட்டுமன்றிக் காட்டு மக்களையும் சேர்த்தே ஏமாற்றுகிறது.

இனி, பரம்பரை வழுக்கைக்குச் சான்றுள்ள சிகிச்சைகள் எவை என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஒன்று, மினாக்சிடில். முதலில் இது இரத்த அழுத்தத்துக்குரிய மாத்திரை. உண்டவர்களுக்கு உடலில் மயிர் வளர்வதைக் கண்டு, தலையில் பூசும் நீராக அதனை மாற்றினார்கள். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தவறாமல் நான்கு முதல் ஆறு திங்கள் பூசிய பின்னரே பயன் உண்டா இல்லையா என்று சொல்லமுடியும். முதற் சில வாரங்களில் உதிர்வு சற்று மிகலாம். அதைக் கண்டு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மற்றொன்று, முன்னர்ச் சொன்ன பினஸ்டெரைடு. நூற்றில் சிலருக்கு இது ஆண்மைக் குறைவையும் சிலருக்கு மனச் சோர்வையும் உண்டாக்கக்கூடும். ஆகவே மருத்துவரின் சீட்டும் மேற்பார்வையும் இன்றி இதனை உண்ணலாகாது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடுவதும் கூடாது.

இவ்விரண்டும் நோயைத் தடுத்து நிறுத்துவன, வேரறுப்பன அல்ல. நிறுத்திவிட்டால் சில திங்களில் பழைய நிலை திரும்பும். மேலும், இருக்கும் முடியைக் காப்பதில் இவை வல்லன. வழவழத்துப்போன தலையில் முடி முளைப்பிப்பதில் அல்ல. இங்கேதான் காலத்தின் அருமை விளங்குகிறது. எண்ணெயை மாற்றி மாற்றித் தேய்த்த ஈராண்டில் நம் இளைஞர் இழந்தது பணம் மட்டுமன்று. காப்பாற்றியிருக்கக்கூடிய மயிர்க்கால்களையும் இழந்தார். நம் நாட்டின் மருந்து விதிகளில் ஜே என்னும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் கண்ட நோய்களைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ மருந்து எதுவும் உரிமை கொண்டாடலாகாது. வழுக்கையும் புதுமுடி வளர்த்தலும் அந்த அட்டவணையில் உள்ளன. அடியோடு குணமாக்குகிறேன் என்று ஒருவர் உறுதி கூறுவாராயின், அந்த உறுதியே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

மூன்றாவது, முடி நடுதல். பின்னந்தலையின் நிலைத்த மயிர்க்கால்களை எடுத்து முன்னே நடுவது. 1939-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா எழுதியதும், 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஓரன்ட்ரைக் விளக்கியதும் இந்த முறைக்கு அடிப்படை. இடம் மாறினாலும் அந்தக் கால் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை என்பதே அதன் இரகசியம். புது மயிர் எதுவும் படைக்கப்படுவதில்லை. உள்ளது இடம் பெயர்கிறது. இருபது வயதில், உதிர்வு எங்கே நிற்கும் என்று தெரியாத நிலையில் அவசரப்பட்டு நட்டால், நட்டது தீவுபோல் நிற்க, சுற்றிலும் உள்ளது போய்விடும்.

இதனை அழகு நிலையத்து வேலை என்று எண்ணுவோர் ஒரு துயர நிகழ்ச்சியை நினைவில் கொள்ளவேண்டும். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் முடி நட்டுக்கொள்ளச் சென்றார். வயது இருபத்திரண்டு. சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஓரிரு நாட்களில் உயிர் நீத்தார். அந்த நிலையத்துக்கு முடி திருத்தும் தொழிலுக்கே உரிமம் இருந்ததென்று பின்னர்ச் செய்தி வெளியாயிற்று. மருத்துவம் பயின்றவருக்கே இது நேர்ந்ததென்றால், பிறர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்! 2022-ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் இத்துறைக்கு வழிமுறைகளை வெளியிட்டு, முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதனைச் செய்யவேண்டும் என்றும், காணொளிகளைப் பார்ப்பது பயிற்சியாகாது என்றும் தெளிவுபடுத்தியது. செய்பவர் யார், அவர் படிப்பு என்ன, மயக்க மருந்து கொடுப்பவர் இறுதிவரை அருகில் இருப்பாரா, மூச்சு முட்டினால் உதவும் கருவிகள் உண்டா என்ற நான்கு கேள்விகளையும் கேட்க எவரும் நாணவேண்டியதில்லை. இவற்றுக்கு விடை சொல்லச் சினங்கொள்ளும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

ஆகவே, முடி உதிரும் இளைஞர் செய்யவேண்டியது எளிது. கடைக்குச் செல்லுமுன் தோல் மருத்துவரிடம் செல்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப்பிரிவே உண்டு. கடந்த ஆறு திங்களில் கண்ட காய்ச்சல், உண்ட மருந்துகள், குறைத்த உணவு, குடும்பத்தில் வழுக்கை உடையவர் ஆகியவற்றை ஒளியாமல் சொல்க. எந்த வகை என்று கேட்டறிக. சிகிச்சை தொடங்கும் நாளில் தலையை ஒரு புகைப்படம் எடுத்து வைத்து, ஆறு திங்கள் கழித்து ஒப்பிடுக. நாள்தோறும் கண்ணாடியைக் கேட்டால் அது நாள்தோறும் ஒரு விடை சொல்லும். தானே திரும்பும் வகையாயின் பொறுத்திருக்க. பரம்பரை வகையாயின், நெடுநாள் மருந்து உண்ண மனம் இசைகிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்க. இசையவில்லையாயின், மருந்தின்றி வாழ்வதும் முழு வாழ்வே. வழுக்கை உடலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை.

பெற்றோருக்கும் நண்பருக்கும் ஒரு வேண்டுகோள். இதைக் கேலிக்குரிய பொருளாக நாம் நெடுங்காலம் நடத்தி வந்திருக்கிறோம். வயது முதிர்ந்தவர் அந்தக் கேலியைச் சிரித்துக் கழிப்பார். இருபது வயதில் அது தைக்கும். அந்தக் கேலியின் வலியே பல இளைஞரை உரிமம் இல்லாத நிலையங்களுக்கும் பெயர் தெரியாத புட்டிகளுக்கும் துரத்துகிறது. மகன் கண்ணாடிமுன் நெடுநேரம் நிற்பதைக் கண்டால் நகைக்காமல், வா, மருத்துவரைப் பார்ப்போம் என்று உடன் செல்லும் தந்தை, அவனுக்குப் பெரும்பொருளைச் சேமித்துக் கொடுத்தவர் ஆவார்.

காட்டு மருத்துவராயினும் நகரத்து மருத்துவராயினும் நல்ல மருத்துவருக்கு அடையாளம் ஒன்றே. நோயாளியை முதலில் நோக்குவார். தம்மால் ஆவது எது, ஆகாதது எது என்று பிரித்துச் சொல்வார். ஆகாது என்ற சொல்லைக் கேட்கும் துணிவும், அதன் பிறகும் தலை நிமிர்ந்து நடக்கும் துணிவும் நம் இளைஞருக்கு உண்டாகுமானால், அவர்கள் இழப்பது சில மயிர்களாகவே நிற்கும்.